ஜோடி மாறிப்போச்சு!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் உள்ளே போய்க் கண் சொருகுகிற நேரத்தில், அக்கா பையன் வந்து உலுக்கினான்.

"மாமா, பிங் எகிறுது மாமா!"

பையனுக்குப் பதினைந்து வயசு. அவனும் சிநேகிதர்கள் மூன்று பேரும் ஹாலில் ஆளுக்கொரு லேப்டாப்போடு ஏதோ துப்பாக்கி விளையாட்டில் இருந்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று நாலு பேரும் ஒரே குரலில் "ஐயோ" என்பார்கள். ஒரு நிமிஷத்தில் சரியாகிவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "ஐயோ". ரௌட்டரை அணைத்துப் போட்டாகிவிட்டது. இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்து ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து எல்லாம் அழுத்தியாகிவிட்டது.

நான் எழுந்திருக்காமல் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு "ஐயோ"வுக்கும் கொஞ்சம் முன்னால் சமையலறையில் "ர்ர்ர்" என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், அக்கா பையன்களுக்கு ஒவ்வொரு டம்ளராக மைக்ரோவேவில் பால் சுடவைத்துக்கொண்டிருந்தாள். அந்த அடுப்பு வேலை செய்வது சுமார் 2.45 கிகாஹெர்ட்ஸில். வைஃபையின் பழைய அலைவரிசையும் கிட்டத்தட்ட அதே இடம். அடுப்பு பாட ஆரம்பித்தால் ரௌட்டர் பேசுவது எடுபடாது. ரௌட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நாலு பேரையும் சேர்த்துவிட்டேன். "ஐயோ" நின்றது. பையன்கள் என்னை விஞ்ஞானி மாதிரி பார்த்தார்கள்.

சத்தியமாக இல்லை. நான் பி.காம். அதுவும் இரண்டாம் வகுப்பு. மெஷினைத் தொடுவதற்கு முன்னால் எப்போது கெடுகிறது என்று கேட்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வேறு ஆள். அது 2007 மே மாதம், நங்கநல்லூரில் எங்கள் வீட்டு ஹாலில், ராத்திரி ஒன்றரை மணிக்கு நடந்தது.

கல்லூரி முடிந்திருந்தது. எங்கள் செட்டில் ஆறு பேர். அதில் ஒருவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து, திங்கட்கிழமை விமானம். (அன்றிலிருந்து அவன் பெயரே 'மஸ்கட்'.) போவதற்கு முன்னால் சனிக்கிழமை ராத்திரி முழுக்க ஆறு பேரும் ஒன்றாக உட்கார்ந்து 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆடுவது என்று தீர்மானம். 1999-ல் வந்த விளையாட்டு. விறகு வெட்டி, ஆடு மேய்த்து, கோட்டை கட்டி, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரன் கோட்டையை இடிக்க வேண்டும். நம்ம ஊர் மனை விவகாரம் மாதிரிதான்.

இன்றைக்குப் போல் போனை எடுத்து ஆடுகிற சமாசாரமில்லை. ஆறு பேரும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். பதினேழு அங்குல பழைய மானிட்டரை, காதுகுத்துக்குப் போகும் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தான் ஒருவன். டீப்பாய், இஸ்திரி போடும் மேஜை, மூடிவைத்த கிரைண்டர் என்று கிடைத்த இடத்திலெல்லாம் மானிட்டர்கள் ஏறின. என் கம்ப்யூட்டர் மட்டும் உள் ரூமில் அதன் மேஜையிலேயே இருந்தது. அதற்கு ஹாலிலிருந்து பதினைந்து மீட்டர் கேபிள் இழுக்க வேண்டும். எங்களில் ஒருவன் மூன்று மாத ஹார்டுவேர் கோர்ஸ் படித்தவன். ரிச்சி தெருவில் கேபிளும் பிளக்கும் வாங்கிவந்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து, 'டக் டக்' என்று கிரிம்ப் செய்து கொடுத்துவிட்டான். எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை.

இந்த இடத்தில் வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பா டெலிபோன் இலாகாவில் கேபிள் ஜாயின்டர். ரோட்டில் பள்ளம் தோண்டி, மேலே ஒரு சின்ன டென்ட் போட்டு, உள்ளே ஒரு ஆள் குனிந்து உட்கார்ந்து ஒயர் கோத்துக்கொண்டிருப்பாரே, அவர்தான். 2006-ல் ரிட்டையர் ஆனார். அவருக்கு ஒரே ஆசை, பையன் சி.ஏ. ஆகி ஏ.சி. ரூமில் உட்கார வேண்டும் என்று. நான் அதன் முதல் படியிலேயே இரண்டு தடவை வழுக்கினேன். இரண்டாவது தடவை ரிசல்ட் வந்த அன்றைக்கு, ராத்திரி சாப்பாட்டில், "உக்காந்து படிச்சா என்னடா?" என்றார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"முப்பத்தஞ்சு வருஷம் ஊர்ல குழி தோண்டினது போதாதா? எனக்கும் தோண்டணுமா?" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மோர் சாதம் பாதியில் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனார்.

அதற்கப்புறம் நாலு மாதம் எங்களுக்குள் நேர்ப் பேச்சு கிடையாது. அம்மாதான் எக்ஸ்சேஞ்ச். "அவன் சாப்ட்டானான்னு கேளு." "சாப்ட்டேன்னு சொல்லு." இரண்டு பேரும் மூன்றடி தூரத்தில் இருப்போம். அம்மா நடுவில் நின்று ட்ரங்க் கால் போட்டுக் கொடுப்பாள். சில சமயம் அவளே சென்ஸார் செய்துவிடுவதும் உண்டு.

சரி, ஹாலுக்கு வருவோம்.

ஸ்விட்சில் ஆறு கேபிளையும் செருகியாயிற்று. ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியவில்லை. முதல் கோளாறு, இரண்டு பேர் 192.168.0.1 என்ற ஒரே நம்பரைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் என்றால் தபால்காரர் என்ன செய்வார்? மாற்றினோம். இன்னொருவன் நம்பரே போடவில்லை. நம்பர் கொடுக்க ரௌட்டர் இல்லாததால் அவன் விண்டோஸ் தானாகவே 169.254 என்று ஆரம்பிக்கும் ஒரு விலாசத்தைச் சூட்டிக்கொண்டு தனியாக ஊர்க்கோடியில் நின்றது. அவனையும் ஊருக்குள் கூட்டிவந்தோம். அப்புறம் ஃபயர்வால். 2004-ல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முதல் அது தானாகவே ஆன் ஆகியிருக்கும் என்பது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதற்கப்புறம் விளையாட்டின் பேட்ச் ஆளுக்கொரு விதம். ராத்திரி பதினோரு மணிக்கு ஆறு பெயரும் ஒரே லிஸ்ட்டில் வந்தபோது நாங்கள் போட்ட கூச்சலில் எதிர் வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

ஐந்து நிமிஷம் ஓடியது. விறகு வெட்டினோம், வீடு கட்டினோம். முதல் சண்டை ஆரம்பித்தது. அப்படியே உறைந்துபோனது. ஆறு ஸ்கிரீனும்.

இதில் ஒரு விஷயம் புரிய வேண்டும். அந்த விளையாட்டு, வில்லாளி எங்கே நிற்கிறான், குதிரை எங்கே ஓடுகிறது என்பதையெல்லாம் கேபிளில் அனுப்புவதில்லை. யார் என்ன உத்தரவு போட்டார்கள் என்பதை மட்டும் அனுப்பும். மீதிக் கணக்கை ஆறு கம்ப்யூட்டரும் தனித்தனியாகப் போட்டு ஒரே விடைக்கு வரும். 28.8 கே மோடத்தில்கூட ஆட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆறு கணக்கப்பிள்ளைகள் ஒரே லெட்ஜரை எழுதுகிற மாதிரி. ஒருத்தருக்கு வவுச்சர் வந்து சேரவில்லை என்றால் மற்ற ஐந்து பேரும் பேனாவை மூடிவிட்டுக் காத்திருப்பார்கள். அதனால் ஒரே ஒரு கேபிள் கெட்டாலும் ஆறு பேருக்கும் ஆட்டம் நிற்கும். கெட்டது யாருடையது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

(இப்படி நெட்வொர்க்கைத் திணறடித்து விளையாடுவதில் எங்களுக்கு முன்னோடிகள் உண்டு. 1993 டிசம்பரில் 'டூம்' வந்தபோது, அதன் முதல் பதிப்பு ஒவ்வொரு செய்தியையும் நெட்வொர்க்கில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒலிபெருக்கி வைத்த மாதிரி அனுப்பியது. நாலு பேர் ஆட, மொத்த ஆபீஸும் முடங்கியது. அடுத்தடுத்த பதிப்புகளில் திருத்தினார்கள்.)

பதினொன்றே முக்காலுக்கு இன்னொன்று நடந்தது. ஃபியூஸ் போய்விட்டது. ஒரே லைனில் ஆறு கம்ப்யூட்டர், ஆறு மானிட்டர், இரண்டு ஃபேன். ஃபேன் நின்றதும் அப்பா எழுந்து வந்தார். டார்ச்சை எடுத்தார், கட்-அவுட்டைப் பிடுங்கினார், ஒயர் கட்டினார்.

"ரெண்டு மிஷினை சமையல்கட்டு பிளக்குக்கு மாத்தச் சொல்லு."

அம்மா தூக்கக் கலக்கத்தில், "ரெண்டு மிஷினை சமையல்கட்டு பிளக்குக்கு மாத்தணுமாம்" என்று அனுப்பிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அப்பா படுக்கவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டியபடி வராண்டாவில் ஈஸிசேரில் உட்கார்ந்தார்.

நாங்கள் போலீஸ் விசாரணையை ஆரம்பித்தோம். பிங் அடித்துப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரு மில்லி செகண்டுக்குள் பதில். ஸ்விட்சில் போர்ட் மாற்றினோம். ஹார்டுவேர் தன் டெஸ்டரை எடுத்து ஒவ்வொரு கேபிளாக மாட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு விளக்கும் வரிசையாக, இரண்டு பக்கமும் எரிந்தன. எல்லாக் கேபிளும் பாஸ். கடைசியில் ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டு மற்றவர்கள் ஆடிப் பார்த்தோம். மஸ்கட்டைக் கழற்றியபோது இரண்டு நிமிஷம் நன்றாக ஓடியது.

"உன் மிஷின்தான்டா. ஓட்டை மிஷின்" என்றேன். நான்தான் சத்தமாகச் சொன்னது.

அவன் மிஷின் பழசுதான். அண்ணன் ஆபீஸில் கழித்துக் கட்டியதை வாங்கியது. அவன் ஒன்றும் பேசாமல் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தான். "என்னாலதான்னா நீங்க ஆடுங்கடா. நான் கிளம்பறேன். பேக்கிங் வேற இருக்கு."

யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஃபேன் சத்தம் மட்டும். அவனுக்காக வைத்த கூட்டம். நாளை மறுநாள் விமானம்.

வராண்டாவிலிருந்து குரல் வந்தது.

"எப்போ நிக்குதுன்னு கேளு."

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். எக்ஸ்சேஞ்சில் ஆள் இல்லை. லைனில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நண்பர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னேன்:

"சண்டை வந்தா நிக்குது. சும்மா விறகு வெட்டறப்போ நிக்கறதில்ல."

"இப்போ அந்தப் பையனைக் கழட்டிட்டு ஓட்டினீங்களே, அப்போ சண்டை போட்டீங்களா?"

போடவில்லை. ஆரம்பத்திலிருந்து ஆடி, விறகோடு நிறுத்தியிருந்தோம். ஆடிட்டர் ஆகப்போகிற நண்பன் தலையில் கைவைத்துக்கொண்டான். ஒரு இன்வாய்ஸைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் கணக்குச் சரி என்று கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

அப்பா எழுந்து உள்ளே வந்தார். "பேச்சு கம்மியா இருந்தா ஓடுது. ஜாஸ்தியானா கெடுது. கம்பி அறுந்திருந்தா எப்பவுமே ஓடாது. இது கிராஸ் டாக்." மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இன்னிக்குப் புதுசா ஜாயின்ட் போட்டது எது?"

ஹார்டுவேர் உள் ரூம் கேபிளின் முனையைக் கழற்றிக் கொடுத்தான். அந்த பிளக் கண்ணாடி மாதிரி. உள்ளே இருக்கிற எட்டு ஒயரும் தெரியும். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தவர் முகம் ஏதோ பழைய சிநேகிதனைப் பஸ்ஸில் பார்த்த மாதிரி ஆனது.

"அட, நம்ம கலருடா! நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன். ஸ்லேட் மட்டும் இல்ல. இதுல எந்தெந்தக் கம்பி பேசுது?"

"ஒண்ணும் ரெண்டும் ஒரு ஜோடி அங்கிள். மூணும் ஆறும் ஒரு ஜோடி. மத்ததெல்லாம் சும்மா."

"மூணுல வெள்ளைப் பச்சை. ஆறுல நீலம். பச்சையோட ஜோடி நாலுல உக்காந்திருக்கு. நீ யாரை யாரோட குடித்தனம் வெச்சிருக்கே?"

ஹார்டுவேருக்கு முகம் செத்துவிட்டது. அவன் ஜோடி ஜோடியாக வரிசை வைத்திருந்தான். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி. பார்க்க அழகு. ஆனால் முறைப்படி பச்சை ஜோடியைப் பிரித்து மூன்றிலும் ஆறிலும் வைத்து, நடுவில் நாலு, ஐந்தில் நீல ஜோடியை உட்கார வைக்க வேண்டும்.

"ஆனா எட்டு லைட்டும் எரிஞ்சுதே அங்கிள்?"

"எரியும். இந்த முனையில நாலாவது அந்த முனையிலயும் நாலாவதான்னுதான் அது கேக்குது. யார் யாரோட முறுக்கிக்கிட்டு வராங்கன்னு கேக்கலை."

பி.காமில் ஒரு பாடம் உண்டு. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆனாலும் கணக்கில் தப்பு இருக்கலாம். டேலியாலே கண்டுபிடிக்க முடியாத தப்புகள் என்று ஒரு பட்டியலே மனப்பாடம் செய்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். அது இப்படிக் கேபிளுக்குள் வந்து உட்காரும் என்று தெரியாது.

ஒயரை ஏன் ஜோடியாக முறுக்க வேண்டும் என்பதும் கணக்கு சமாசாரம்தான். கிரஹாம் பெல் 1881-லேயே செய்த ஏற்பாடு. ஒரு ஜோடியில் ஒரு கம்பியில் போவதற்கு நேர் எதிரானது இன்னொன்றில் போகும். இரண்டும் முறுக்கிக்கொண்டே போவதால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டின் மேலும் ஒரே அளவில் விழும். பற்றிலும் வரவிலும் ஒரே தொகை. கடைசியில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரைச்சல் சைபர், பேச்சு மட்டும் மிஞ்சும். ஜோடி மாறிவிட்டால் ஒரு பக்கம் மட்டும் இரைச்சல் ஏறும், கழியாது. சின்ன பிங் ஒன்று தப்பிப் பிழைத்துப் போய்விடும். போவதும் வருவதும் ஒரே நேரத்தில் நெரிசலானால் சிதறிவிடும். பத்து மெகாபிட்டில் ஓட்டியிருந்தால் ஒருவேளை அந்த ராத்திரியே தப்பித்திருப்போம். நாங்கள் நூறில் ஓட்டினோம்.

ஆக, குற்றவாளி என் கேபிள். மஸ்கட் மிஷின் இல்லை. நான் அவனைப் பார்த்தேன். "ஓட்டை வாய்டா உனக்கு" என்றான். சுருட்டின கேபிளைக் கீழே போட்டான். எங்களுக்குள் மன்னிப்பு என்பது அவ்வளவுதான்.

ஒரு முறை அழுத்திய பிளக்கைத் திரும்ப உபயோகிக்க முடியாது. ஹார்டுவேரிடம் மிச்சம் இரண்டே இரண்டு. இரண்டு முனைக்கு இரண்டு. தப்பினால் விடிகிற வரை கடை கிடையாது. அவன் கை நடுங்கியது. அப்பா கிரிம்பிங் டூலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கையில் அந்த ஆயுதம் அன்றுதான் முதல் தடவை. பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"டார்ச்சைக் கிட்டக் காட்டு."

என்னிடம்தான் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினேன்.

அந்தக் கைகளை அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன். கட்டைவிரல் நகம் ஒன்று பாதிதான் இருக்கும். மேல் உறையை உரித்தார். "முறுக்கைப் பிரிக்கறது அரை இஞ்ச் தாண்டக் கூடாது. நீ மூணு விரக்கடை பிரிச்சிருக்கே" என்று ஹார்டுவேருக்கு ஒரு குட்டு. பச்சையை விலக்கி நீலத்துக்கு இடம்விட்டு, எட்டையும் சீப்பு மாதிரி தட்டையாக்கி, நறுக்கி, நுழைத்து, அழுத்தினார். 'டக்'.

"அங்கிள், நீங்க ஒரு கேபிள்ல எவ்ளோ ஜோடி போடுவீங்க?"

"எண்ணூறு. அதுக்கு மேலயும் உண்டு. பள்ளத்துல தண்ணி நிக்கும். மேல மழை."

"ஒண்ணு மாறிப்போச்சுன்னா?"

"ஒரு வீட்டு ரகசியம் இன்னொரு வீட்டுல கேக்கும்." இரண்டாவது முனையை உரித்துக்கொண்டே சொன்னார். "86 நவம்பர்ல, ராத்திரி பூரா ஒரே ஒரு ஜோடியைத் தேடினேன். கண்டுபிடிச்சுக் கட்டிட்டு, விடிஞ்சப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் இவனைப் பாத்தேன்."

'இவனை' என்றபோது தலை நிமிரவில்லை. டூலால் என் பக்கம் லேசாகக் காட்டினார். நான் பிறந்தது 1986 நவம்பர். அன்றைக்கு அப்பா லேட்டாக வந்தார் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். எதனால் என்று நான் கேட்டதே இல்லை. அந்தக் குழியில்தான் இருந்திருக்கிறார்.

நாலு மாதமாகத் தொண்டையில் இருந்த ஒரு வாக்கியம் வாய்வரை வந்தது. ஐந்து பேர் சுற்றி நிற்கிறார்கள். டார்ச் வேறு ஆடுகிறது.

"காபி போடட்டுமாப்பா?" என்றேன்.

"சக்கரை கம்மியா."

இரண்டு மணிக்கு ஆட்டம் ஆரம்பமாயிற்று. முதல் சண்டை வந்தபோது ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். நிற்கவில்லை. இரண்டாவது சண்டையும் நிற்கவில்லை. அப்பா காபி டம்ளரோடு உள் ரூமுக்கு வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பின்னால் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"நீ எது?"

"நீலம்."

"மஞ்சள் யாரு?"

"மஸ்கட் போறவன்."

"அவன் உன் காம்பவுண்டு சுவரை இடிச்சுக்கிட்டு இருக்கான். நீ என்னடான்னா விறகு வெட்டிக்கிட்டு இருக்கே."

பார்த்தேன். நிஜம்தான். வில்லாளிகளை எந்தப் பக்கம் அனுப்பலாம் என்று நாங்கள் இரண்டு பேரும் தீவிரமாக விவாதித்துக்கொண்டிருந்தபோது பால்காரர் மணி அடித்தார். அம்மா எழுந்து, பால் பாத்திரத்தோடு ரூமுக்குள் வந்து, வழக்கம்போல எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள்.

"என்ன? யாருக்கு என்ன சொல்லணும்?" என்றாள்.

"நீ கொஞ்சம் தள்ளிக்கோ. ஸ்கிரீன் மறைக்குது" என்றார் அப்பா.